மகனுக்குச் சிவப்பு அட்டை: மைதானத்து வசைக்கு எவ்வளவு தண்டனை, யாருக்கு?

கேட்டவர் டர்பனில் இருக்கும் ஒரு தகப்பனார். மகனுக்கு 15 வயது, பள்ளியின் அண்டர் 16 ரக்பி அணியில் ஃபிளாங்கர் இடத்தில் ஆடுகிறான். போன சனிக்கிழமை ஆட்டத்தில் எதிரணிப் பையனைப் பார்த்து ‘மோஃபி’ (தன்பாலீர்ப்புள்ள ஆண்களை இழிவாகச் சொல்லும் சொல்) என்று இரண்டு தடவை கத்தியிருக்கிறான். அர்த்தம் வைத்துச் சொல்லவில்லை என்கிறார் தகப்பனார். ரெஃபரி சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டார். இப்போது பள்ளியிலிருந்து ஒழுங்கு விசாரணைக்கு அழைப்பு. அவர் கேட்பது நான்கு. எல்லாப் பையன்களும் பேசுவதுதானே, இது அதிகப்படி இல்லையா? விசாரணைக்கு வக்கீலோடு போகலாமா? பையனின் எதிர்காலத்தை இது பாதிக்குமா? பேசாமல் ரக்பியையே நிறுத்திவிடலாமா?

பள்ளி ஆட்டங்களில் விசில் பிடித்தவன் நான். ஒழுங்குக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த இரண்டு இடத்திலிருந்தும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் சிவப்பு அட்டை. ரக்பி சட்டத்தின் 9ஆவது பிரிவு முறைகேடான ஆட்டம் பற்றியது. அதில் 12ஆவது உட்பிரிவு, யாரையும் வாயால் இழிவுபடுத்தக்கூடாது என்கிறது. மதம், நிறம், தேசம் அல்லது இனம், பாலீர்ப்பு என்று அடிப்படைகளையும் அங்கேயே அடுக்கியிருக்கிறார்கள். ரெஃபரிக்கு எச்சரிக்கை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று வழி இருந்தது. அவர் சிவப்பை எடுத்தது கடுமை என்று நீங்கள் வாதாடலாம். தவறு என்று வாதாட இடமில்லை.

பல பெற்றோர்கள் நினைப்பது, கையை ஓங்குவதுதான் பெரிய குற்றம், வாயில் வருவதெல்லாம் காற்றோடு போய்விடும் என்று. ரக்பியின் உலக அமைப்பான வேர்ல்ட் ரக்பியின் 17ஆவது ஒழுங்குவிதியில் தண்டனைப் பட்டியல் இருக்கிறது, அதைப் பாருங்கள். ஆபத்தான டேக்கிளுக்கு (பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்துவது) தாழ்நிலைத் தண்டனை 2 வாரத் தடை. வாயால் இழிவுபடுத்தினால் தாழ்நிலையே 6 வாரம், நடுநிலை 12, மேல்நிலை 18க்கு மேல், உச்சம் 52 வாரம். டேக்கிளில் கைதவறிப் போகலாம், கழுத்து உயரத்தைக் கணக்குப் பண்ணுவதில் பிசகலாம். வசைச்சொல் அப்படித் தவறி வராது என்பதுதான் அந்தக் கணக்கு. சரி, உங்கள் பையனுக்கு 6 வாரமும் விழுமா? அநேகமாக விழாது. இளவயது, அனுபவக் குறைவு, முதல் குற்றம், உடனே ஒப்புக்கொண்டது, உண்மையாக வருந்துவது, இவை எல்லாம் தண்டனையைக் குறைக்கும் காரணங்கள். வழக்கமாகப் பாதி வரை குறைக்க முடியும், அதாவது 3 வாரம். பள்ளி ஆட்டங்களுக்கு உள்ளூர் ரக்பி யூனியன் வைத்திருக்கும் அளவுகள் வேறாக இருக்கலாம் என்பதால், உங்களுக்கு வந்த கடிதத்தில் எந்த விதியின் கீழ் அழைத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். இந்த ஊரில் பள்ளி ரக்பி இரண்டாம் பருவத்தோடும் மூன்றாம் பருவத்தின் முன்பகுதியோடும் முடிந்துவிடுகிறது. 3 வாரம் என்றாலே பையனுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

இன்னொன்று, இங்கே நடப்பது இரண்டு தனித்தனி விவகாரம். சிவப்பு அட்டை ரக்பி அமைப்பின் பாதையில் போகிறது, அதன் முடிவு ஆட்டத் தடை. பள்ளி நடத்துவது பள்ளியின் சொந்த ஒழுக்க விதிப்படி. ‘ஒரே தப்புக்கு இரண்டு தண்டனையா’ என்று விசாரணையில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. அது எடுபடாது. ஆனால் யூனியன் எத்தனை வாரம் கொடுத்தது என்பதைப் பள்ளி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பது நியாயம். அதைக் கேளுங்கள்.

அரசுப் பள்ளி என்றால் 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம்தான் அடிப்படை. ஒழுக்க விதியை வகுப்பது கவர்னிங் பாடி, அதாவது பள்ளி நிர்வாகக் குழு. மாணவர், பெற்றோர், ஆசிரியர் மூன்று தரப்பையும் கலந்துதான் வகுக்க வேண்டும். விசாரணையில் பையனோடு பெற்றோர் அல்லது பெற்றோர் நியமித்த ஒருவர் இருக்க வேண்டும். கவர்னிங் பாடி அதிகபட்சம் 7 பள்ளி நாட்கள் இடைநீக்கம் செய்யலாம். பள்ளியை விட்டே நீக்குவது அவர்கள் கையில் இல்லை. அவர்கள் பரிந்துரைக்கலாம், முடிவு மாகாணக் கல்வித்துறைத் தலைவருடையது. அதற்கும் மேல் மாகாணக் கல்வி அமைச்சரிடம் முறையிடலாம். முதல் தடவை சொன்ன ஒரு வசைக்காக எந்தப் புத்தியுள்ள குழுவும் நீக்கம் வரைக்கும் போகாது. அதனால் வக்கீல் வேண்டாம் என்பதே என் பதில். வக்கீல் கூட வந்து உட்கார்ந்த அடுத்த நிமிடமே அறையில் பேச்சு மாறிவிடும். பையன் வாயைத் திறக்கமாட்டான், பிரின்சிபல் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட ஆரம்பிப்பார். நீக்கம் பற்றிய பேச்சு எழுத்தில் வந்தால் அப்போது வக்கீலைப் பாருங்கள்.

தனியார் பள்ளி என்றால் ஒப்பந்தம்தான் எல்லாம் என்று சொல்லி மிரட்டுவார்கள். 2020இல் அரசியலமைப்பு நீதிமன்றம் பிரிட்வின் பள்ளி வழக்கில் அதற்கு ஒரு எல்லை போட்டது. பிள்ளைகளின் நலனைத் தனியாகக் கேட்டு விசாரிக்காமல் ஒப்பந்தத்தை முறித்து வெளியே அனுப்பக்கூடாது என்று. அந்த வழக்கின் வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. பெற்றோர், முக்கியமாகத் தகப்பனார், பள்ளியின் விளையாட்டு விஷயங்களில் நடந்துகொண்ட விதத்துக்காகத்தான் பள்ளி ஒப்பந்தத்தை முறித்தது. டச்-லைனில் நின்று ரெஃபரியைத் திட்டும் அப்பாக்கள் இதை ஒரு தடவை படித்துவைப்பது நல்லது. உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

விசாரணையில் என்ன பேசுவது? பையன் பேச வேண்டும், நீங்கள் குறைவாகப் பேச வேண்டும். மனப்பாடம் பண்ணவைக்காதீர்கள், குழுவில் இருப்பவர்களுக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். என்ன சொன்னான், எப்போது சொன்னான், எதற்காக அந்தச் சொல்லை எடுத்தான் என்று அவன் மொழியில் சொல்லட்டும். எதிரணிப் பையன் ரக்கில் (கீழே கிடக்கும் பந்துக்கான நெருக்கடியில்) கையை மிதித்தான், அம்மாவைப் பற்றிப் பேசினான் என்று ஏதாவது இருந்தால் அதையும் சொல்லலாம். அது தண்டனையின் அளவைக் குறைக்கலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

அடிக்கடி வரும் ஒரு வாதம் மட்டும் வேண்டவே வேண்டாம். ‘அந்தப் பையன் கே கூட இல்லையே, அப்புறம் எப்படி அது இழிவு?’ என்பது. இதை நல்ல படித்த பெற்றோர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல் யாரைக் குறிவைத்தது என்பதோடு, அது யார் யார் காதில் விழுந்தது என்பதும் முக்கியம். மைதானத்தில் முப்பது பையன்கள், வெளியே மாற்று ஆட்டக்காரர்கள், அதற்கும் வெளியே அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் சின்னப் பையன்கள். அந்தக் கூட்டத்தில் தன்னைப் பற்றி இன்னும் யாரிடமும் சொல்லாத ஒருவன் இருக்கலாம். உங்கள் மகனின் அணியிலேயே, அவனோடு ஸ்க்ரமில் தோள் கொடுக்கிறவனாகக்கூட இருக்கலாம். எதிரணிப் பையன் அந்தச் சொல்லைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். சொல்லாமல் இருக்கும் அந்த ஒருவனால் முடியாது.

இதே விஷயத்தை நீதிமன்றமும் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறது. பிரிட்டோரியாவில் ஒரு பள்ளியின் பையன்கள், நிர்வாணமாக நெருங்கி உட்கார்ந்த இரண்டு ஆண்களின் படத்தில் பிரின்சிபலின் முகத்தையும் துணைப் பிரின்சிபலின் முகத்தையும் ஒட்டிப் பரப்பினார்கள். துணைப் பிரின்சிபல் வழக்குப் போட்டார். 2011இல் லெ ரூ எதிர் டே என்ற அந்த வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம், மாணவர்கள் 25,000 ரேண்ட் கொடுக்க வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும் என்றது. பள்ளிப் பிள்ளை விளையாட்டு என்ற சாக்கு எடுபடவில்லை. அதே தீர்ப்பில் நீதிபதிகள் சிலர் இன்னொன்றையும் எழுதினார்கள். ஒருவரைத் தன்பாலீர்ப்புள்ளவர் என்று சொல்வதாலோ காட்டுவதாலோ மட்டும் அவருக்கு அவமானம் ஏற்பட்டதாக இந்த நாட்டின் சட்டம் கருத முடியாது என்று. கெட்டிக்காரப் பையன்கள் இதைப் பிடித்துக்கொண்டு, ‘அப்படியானால் நான் சொன்னது வசையே இல்லையே’ என்பார்கள். கத்திச் சொன்னவன் எதற்காகக் கத்தினான், பாராட்டவா? ஒருவர் இயல்பையே இழிவின் அளவுகோலாக எடுத்து அடுத்தவன்மேல் வீசுவதைத்தான் ரக்பி சட்டம் தண்டிக்கிறது.

இந்த நாட்டில் இதற்கு இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதும் பையனுக்குத் தெரிந்திருக்கட்டும். 1996 அரசியலமைப்பின் 9ஆவது பிரிவு, பாகுபாடு காட்டக்கூடாத அடிப்படைகளில் இனம், மதம், மொழியோடு பாலீர்ப்பையும் சேர்த்தது. இடைக்கால அரசியலமைப்பிலேயே அது வந்துவிட்டது, உலகில் இதைச் செய்த முதல் நாடு இதுதான். 1998இல் ஆண்களின் உறவைக் குற்றமாக்கிய சட்டம் ரத்தானது, 2006இல் திருமண உரிமை வந்தது. பத்திரிகையில் தன்பாலீர்ப்பினரை இழித்து எழுதிய ஜான் குவெலானே வழக்கில் 2021இல் வந்த தீர்ப்பு, மனதைப் புண்படுத்துவது மட்டுமே வெறுப்புப் பேச்சு ஆகிவிடாது என்று சட்டத்தின் ஒரு பகுதியை வெட்டியது. ஆனால் அவர் எழுதியது வெறுப்புப் பேச்சுதான் என்றும் சொன்னது. உங்கள் மகன் விஷயம் அந்த உயரத்துக்கெல்லாம் போகாது. பள்ளிக்குள், ஆட்டத்துக்குள் முடியவேண்டிய சமாச்சாரம் இது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். அவன் அர்த்தம் வைத்துச் சொல்லவில்லை என்கிறீர்கள். நான் நம்புகிறேன். ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதின்வயது ரக்பிப் பையன்களிடம் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த மாதிரிச் சொற்களைப் புழங்குகிற பையன்களில் பெரும்பாலோருக்குத் தன்பாலீர்ப்பினர் மேல் விரோதம் எதுவும் கிடையாது. அணியில் மற்றவர்கள் பேசுகிறார்கள், தானும் பேசினால்தான் கூட்டத்தில் ஒருத்தன் என்கிற நினைப்புதான் பேசவைக்கிறது. இன்னொரு முடிவு எனக்கு இன்னும் சுவாரசியமானது. தொழில்முறை ரக்பி ஆட்டக்காரர்களை அழைத்துவந்து இந்தப் பையன்களிடம் பேசவைத்தார்கள். பெரிய பெயர்கள், பையன்கள் வாய்பிளந்து கேட்பார்கள். அளந்து பார்த்தபோது வசைச்சொல் குறையவே இல்லை. ஒரு மத்தியானத்துப் பேச்சு ஒரு பருவம் முழுக்க ஊறின பழக்கத்தை அசைக்காது.

அதனால் என் கருத்து இது: அர்த்தம் இல்லாமல் சொன்னான் என்பது உண்மையாக இருந்தால், தண்டனை அவனோடு நின்றுவிடக்கூடாது. அந்தச் சொல் அவன் வாயில் சனிக்கிழமை முளைக்கவில்லை. செவ்வாய், வியாழன் பயிற்சியில், உடை மாற்றும் அறையில், பஸ்ஸில் எத்தனையோ தடவை புழங்கியிருக்கும், யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். குழுவில் உட்கார்ந்தால் நான் முதலில் கோச்சைத்தான் கேட்பேன். பயிற்சியில் இந்தச் சொல் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் பதில் மழுப்பலாக இருக்கும். சில கோச்சுகளே இடைவேளையில் ‘பொம்பளை மாதிரி டேக்கிள் பண்ணுகிறீர்கள்’ என்று கத்துகிற ரகம். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த 15 வயதுப் பையனை மட்டும் பிடித்துத் தண்டித்துவிட்டு, பள்ளி தன் கடமை முடிந்ததென்று கைகழுவினால், அடுத்த பருவம் வேறொரு பையன் அதே நாற்காலியில் உட்காருவான்.

விசாரணையில் இதை நீங்களே எழுப்பலாம். பழியைத் தள்ளிவிடுகிற தொனியில் வேண்டாம். ‘என் மகன் செய்தது தப்பு, தண்டனையை ஏற்கிறோம். கூடவே கோச்சும் கேப்டனும் பயிற்சியில் இதை எப்படி நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம்’ என்று கேளுங்கள். கேப்டன் சொல்கிற ஒரு ‘டேய், போதும்’, வெளியாள் வந்து நடத்தும் பாடத்தைவிடப் பலமானது. அணி முழுவதையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிற தண்டனை எனக்குப் பிடிக்காது. ஓடுகிறவர்கள் கோபமெல்லாம் புகார் சொன்னவன் மேல்தான் திரும்பும்.

புகார் சொன்னவன் விஷயம் இங்கே பெரியது. 2015 மார்ச்சில் சிட்னியில் வாராட்டாஸுக்கும் பிரம்பீஸுக்கும் நடந்த சூப்பர் ரக்பி ஆட்டம். வாராட்டாஸுக்கு ஆடிய தென்னாப்பிரிக்கர் ஜாக் போட்கீட்டர் எதிரணிக்காரர்களைப் பார்த்துத் தன்பாலீர்ப்பு வசையைச் சொன்னார். பிரம்பீஸின் டேவிட் போகாக் ஆட்டத்தின் நடுவிலேயே ரெஃபரியிடம் போய்ச் சொல்லிவிட்டார். ரெஃபரி நம் குவாசூலு-நட்டால்காரர் கிரெய்க் ஜூபேர். பின்னால் போட்கீட்டருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம், அதில் பாதி நிறுத்திவைக்கப்பட்டது. அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்த வாரம் பலர் கேள்வி கேட்டது போகாக்கைத்தான். மைதானத்தில் சொன்னது மைதானத்தோடு போகவேண்டாமா என்று. உலகக் கோப்பை ஆடின ஃபிளாங்கருக்கே அந்தக் கதி என்றால், நம் பள்ளியில் ரெஃபரியிடம் போய்ச் சொல்கிற 15 வயதுப் பையனை ‘இம்பிம்பி’, காட்டிக்கொடுப்பவன், என்றுதான் கூப்பிடுவார்கள். உங்கள் மகனும் நண்பர்களும் அந்த எதிரணிப் பையனை இன்ஸ்டாகிராமில் தேடிப்போய் வம்பு செய்யாமல் பார்த்துக்கொள்வது இப்போது உங்கள் முதல் வேலை. சனிக்கிழமை நடந்ததைவிட அது பெரிய குற்றமாகிவிடும். வாட்ஸாப் குழுவில் ரெஃபரியைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது, உங்கள் விரலிலிருந்தும்.

ரெஃபரி கேட்கவில்லை என்றால் என்ன என்று சிலர் யோசிப்பார்கள். பள்ளி ஆட்டங்களில் கொடி பிடித்து நிற்பவர்கள் பெரும்பாலும் இரு பள்ளிகளின் ஆட்கள், வெறும் டச் ஜட்ஜ்கள். பந்து வெளியே போனதையும் கோல் உதையையும் காட்டலாம்; முறைகேட்டைப் பற்றிச் சொல்லும் அதிகாரம் நியமிக்கப்பட்ட துணை ரெஃபரிகளுக்குத்தான். ஆகவே பத்தில் எட்டு, ஒன்பது வசைகள் தப்பித்துப் போகின்றன. உங்கள் மகன் மாட்டிக்கொண்டான். ‘மற்றவனெல்லாம் தப்பிவிட்டான்’ என்கிற அவன் ஆற்றாமை உண்மைதான், ஆனால் அதை விசாரணையில் சொன்னால் வருத்தம் இல்லை என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

வீட்டில் என்ன செய்வது? இரண்டு அறை வைத்தால் சரியாகிவிடும் என்று தாத்தா சொல்லக்கூடும். 2019 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் பெற்றோரின் அடிக்கும் உரிமையையும் எடுத்துவிட்டது, பள்ளியில் பிரம்பு 1996இலேயே போய்விட்டது. அதைவிட, ஞாயிறு பிராய் போட்டு இறைச்சி சுடும்போது சித்தப்பா எந்த நகைச்சுவைக்கு எல்லோரையும் சிரிக்கவைக்கிறார் என்பதைக் கவனியுங்கள். தமிழ் சினிமா நகைச்சுவைக் காட்சிகளில் ‘ஒன்பது’ என்று சொல்லிச் சிரித்த குடும்பங்கள் நாம். நம் தாத்தா பாட்டி காலத்தில் கரும்புத் தோட்டத்திலும் டிராமிலும் ‘கூலி’ என்று காதில் வாங்கியவர்களும் நாம்தான். அப்படிச் சொன்ன வெள்ளைக்கார முதலாளிகளில் பாதிப்பேர் அதை வசை என்றே நினைத்திருக்கமாட்டார்கள். மைதானத்தில் எவனாவது உங்கள் மகனை அந்தப் பெயரால் கூப்பிட்டு, அவன் அப்பா வந்து ‘அர்த்தம் வைத்துச் சொல்லவில்லை’ என்றால் நீங்கள் ஏற்பீர்களா? இந்தக் கேள்வியை மகனிடம் ஒரு தடவை கேளுங்கள், பதிலை அவனிடமே விட்டுவிடுங்கள்.

மன்னிப்பு பற்றிக் கொஞ்சம். ‘யாராவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்பது மன்னிப்பே அல்ல, அதைப் பள்ளி தட்டச்சுச் செய்து கையெழுத்து வாங்கினாலும். என்ன சொன்னேன், அது ஏன் தவறு, இனி என்ன செய்வேன் என்று அவனே கையால் எழுதட்டும். நாலு வரி போதும். எதிரணிப் பள்ளியின் வழியாக அனுப்புங்கள். நேரில் சந்தித்துக் கைகொடுக்கவேண்டும் என்று அந்தப் பையனை யாரும் கட்டாயப்படுத்தக்கூடாது. அவனுக்கு விருப்பம் இருந்தால் பார்க்கலாம். அசெம்பிளியில் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைப்பது என்று பள்ளி சொன்னால் மறுத்துவிடுங்கள். அது எல்லார் முன்னாலும் ஒரு பையனைக் கூனிக்குறுக வைப்பது மட்டும்தான், அந்த வசை செய்ததும் அதுவே.

எதிர்காலம் பற்றிய பயம் தேவையில்லாதது. பள்ளிக் கோப்பில் ஒரு பதிவு இருக்கும். மெட்ரிக் சான்றிதழில் இது வராது. கிரேவன் வீக் போன்ற பள்ளிப் பையன்களின் மாகாணப் போட்டிக்கான அணித் தேர்வுக்குப் போகும் பையன் என்றால் தேர்வாளர்கள் காதுக்குப் போகலாம். தண்டனையை முடித்து, அடுத்த பருவத்தை ஒழுங்காக ஆடினவனை அதற்காகத் தள்ளிவைத்து நான் பார்த்ததில்லை. இரண்டாம் தடவை அதே குற்றம் என்றால் கதை வேறு, குறைப்புக் காரணங்களில் பாதி அப்போது கையில் இருக்காது.

ரக்பியை நிறுத்தவேண்டாம். உலகின் தலைசிறந்த ரெஃபரிகளில் ஒருவரான நைஜல் ஓவென்ஸ் தன்பாலீர்ப்புள்ளவர் என்று 2007இலேயே வெளிப்படையாகச் சொன்னவர். 2015 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்தியவரும் அவர்தான். ஜோகன்னஸ்பர்க்கில் ஜோசி கேட்ஸ் என்று தன்பாலீர்ப்பினருக்கான ரக்பி கிளப்பே இருக்கிறது. உங்கள் மகன் ஆடும் விளையாட்டில் இவர்களும் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இந்த மூன்று வாரம் பயன்படட்டும். வேர்ல்ட் ரக்பியின் சட்டத் தேர்வு ஆன்லைனில் இலவசமாக இருக்கிறது, அதையும் எழுதச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனம்: தடைக்காலத்தில் பயிற்சிக்குப் போகலாம், ஆனால் ஆட்ட நாளில் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டுகூட மைதானத்துக்குள் இறங்கக்கூடாது. கோச் ‘பரவாயில்லை வா’ என்று கூப்பிட்டாலும் வெளியிலேயே நிற்கச் சொல்லுங்கள். தடை எந்தத் தேதியில் முடிகிறது என்பதை யூனியனிடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.